உறங்கட்டும் என்று சொன்ன இரவு

 

மதரஸாவில் பாடம் சொல்லிக் கொடுக்கும் இந்த எளியவன் கல்லூரியில் வரலாறு பயின்று பட்டம் பெற்றவன். மருத்துவம் எனது துறையன்று. ஆயினும் இம்மாதம் இப்பகுதியில் ஒரு மருத்துவச் செய்தியை எழுத முற்பட்டிருக்கிறேன். அறியாமையால் நான் சொன்ன ஒரு சொல்லே அதற்குக் காரணம். அந்தச் சொல்லை இன்று தமிழகத்தின் எத்தனையோ வீடுகளில் பெரியவர்கள் அன்போடு சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே வெட்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு எழுதுகிறேன்.

எங்கள் மஹல்லாவில் ஓர் இளைஞர் இருந்தார். முப்பத்திரண்டு வயது. கடைத்தெருவில் சிறிய கடை வைத்து, தாயையும் மனைவியையும் ஒரு மகனையும் காப்பாற்றி வந்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, பக்கத்து ஊரில் ஒரு வலிமா விருந்தை முடித்துக்கொண்டு இரவு பதினொரு மணியளவில் மோட்டார் சைக்கிளில் திரும்பினார். தலைக்கவசம் அணியவில்லை. ஊர் எல்லையில் மணல் சிதறிக் கிடந்த வளைவில் வண்டி சறுக்கிற்று. வலது காதுக்கு மேலே பொட்டுப் பகுதி சாலையில் மோதியது. ஓரிரு நிமிடம் நினைவிழந்து கிடந்தார். பின்னர் தாமே எழுந்தார், வண்டியையும் நிமிர்த்தினார், வீடு வந்து சேர்ந்தார்.

செய்தி கேட்டு நாங்கள் சிலர் ஓடினோம். அவர் திண்ணையில் அமர்ந்து தேநீர் பருகிக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்ல ஹஜ்ரத், லேசான அடிதான்" என்று சிரித்தார். முழங்கையில் சிராய்ப்பு, தலையில் ஒரு சிறு வீக்கம், இரத்தம் இல்லை. சற்று நேரத்தில் ஒருமுறை வாந்தி எடுத்தார். விருந்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றோம். தலை வலிக்கிறது என்றார். அடிபட்ட தலை வலிக்கத்தானே செய்யும் என்றோம். கண் செருகத் தொடங்கியதும் அவருடைய தாயார், "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணுமா ஹஜ்ரத்?" என்று என்னிடம் கேட்டார். நான் சொன்னேன்: "வேண்டாம்மா, அலுப்பாக இருக்கிறார், நன்றாக உறங்கட்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம்."

ஃபஜ்ருக்கு நான் பள்ளிவாசலுக்குப் புறப்படும் நேரத்தில் அந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவர் பெருங்குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எத்தனை உலுக்கியும் விழிக்கவில்லை. இமையை விலக்கிப் பார்த்தோம். வலது கண்ணின் பாவை அகலமாக விரிந்து, விளக்கொளியிலும் சுருங்காமல் நின்றது. 108 வண்டியில் ஏற்றி நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். ஸ்கேன் எடுத்த சில நிமிடங்களில் அறுவை அரங்குக்குள் கொண்டுபோனார்கள். மண்டையோட்டைத் திறந்து உறைந்திருந்த இரத்தத்தை அகற்றினார்கள். ஆனால் மறுநாள் எடுத்த ஸ்கேனில் மூளையின் அடித்தண்டிலேயே இரத்தம் கசிந்திருப்பது தெரிந்தது. நான்காம் நாள் அவர் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

அந்த நான்கு நாட்களில் ஒரு மாலை, அறுவை செய்த மருத்துவர் என்னை உட்கார வைத்து நடந்ததை விளக்கினார். அதன் பின்னர் நானும் நூல்களைத் தேடிப் படித்தேன். அடிபட்டது பொட்டில், இரத்தம் உறைந்தது மண்டையோட்டுக்கு உட்புறம், அப்படியிருக்க, தொலைவிலுள்ள மூளைத்தண்டில் எப்படிக் கசிவு ஏற்பட்டது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், தலையில் அடிபட்டவரைக் கண்காணிக்க வேண்டுமென்று மருத்துவர்கள் ஏன் வற்புறுத்துகிறார்கள் என்பது விளங்கிவிடும்.

வளர்ந்த மனிதனின் மண்டையோடு ஒரு மூடிய பெட்டி. அதற்குள் ஏறத்தாழ 1,400 கிராம் மூளையும், மூளையைச் சூழ்ந்திருக்கும் தெளிந்த நீரும், நாளங்களில் ஓடும் இரத்தமும் இருக்கின்றன. இம்மூன்றும் அப்பெட்டியை நிறைத்துவிடுகின்றன. காலியிடம் என்று சொல்லும்படி எதுவுமில்லை. எனவே ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தாக வேண்டும். ஸ்காட்லாந்து நாட்டின் அலெக்சாந்தர் மன்ரோ 1783-லும், அவருடைய மாணவர் ஜார்ஜ் கெல்லி 1824-லும் இந்த உண்மையை எடுத்துரைத்தனர். இன்றும் நரம்பியல் மருத்துவத்துக்கு இதுவே அரிச்சுவடி.

பொட்டுப் பகுதியில் மண்டையெலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விரிசல் கண்டால் அத்தமனி கிழிந்துவிடலாம். அப்போது எலும்புக்கும் மூளையின் மேலுறைக்கும் இடையில் இரத்தம் தேங்கத் தொடங்கும். தொடக்கத்தில் மூளை அதைச் சமாளிக்கிறது. நீர் தண்டுவடப் பக்கமாக விலகி இடம் கொடுக்கிறது; சிரைகளிலுள்ள இரத்தமும் வெளியேறி இடம் கொடுக்கிறது. அவ்வேளையில் அடிபட்டவர் பேசுவார், சிரிப்பார், தேநீர் பருகுவார். எங்கள் சகோதரர் திண்ணையில் அமர்ந்திருந்தது இந்த இடைவேளையில்தான். இது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. வாய்ப்பவர்களுக்கும் சில நிமிடமோ சில மணி நேரமோதான் நீடிக்கும். நாங்கள் அதைக் குணமடைந்ததன் அடையாளம் என்று எண்ணிவிட்டோம்.

ஒதுங்கக்கூடியவை ஒதுங்கி முடிந்த பிறகு, சிறிதளவு இரத்தம் சேர்ந்தாலும் அழுத்தம் திடீரென ஏறுகிறது. சாதாரணமாகப் படுத்திருக்கும் மனிதனின் மண்டைக்குள் அழுத்தம் 15 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்கும். 20-ஐத் தாண்டி அது நீடித்தால் மருத்துவர்கள் உடனே தணிக்க முயல்வார்கள். தணிக்காவிட்டால் மூளை தன் இடத்தைவிட்டு நகரத் தொடங்குகிறது.

பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவே கூடாரம் போல ஒரு தடித்த சவ்வு விரிந்திருக்கிறது. அதன் நடுவே ஒரு வாயில். அவ்வாயில் வழியாகத்தான் மூளைத்தண்டு கீழிறங்குகிறது. மூச்சு, இதயத்துடிப்பு, இரத்த அழுத்தம், விழிப்பு ஆகிய அனைத்தையும் ஆளுவது ஏறக்குறைய ஒரு கட்டைவிரல் பருமனேயுள்ள அந்தத் தண்டு. மேலே அழுத்தம் மிகும்போது பெருமூளையின் உட்பக்க மடிப்பு அவ்வாயிலுக்குள் பிதுங்குகிறது. அதன் அருகில் செல்லும் கண் நரம்பு நசுங்குவதால், பெரும்பாலும் அடிபட்ட பக்கத்துக் கண்பாவை விரிகிறது. நாங்கள் விளக்கொளியில் கண்ட அந்த விரிந்த பாவை, மூளை நகரத் தொடங்கிவிட்டதற்கான அறிவிப்பு. இந்நிலையில் இரத்த அழுத்தம் உயர்வதையும், நாடி தளர்வதையும், மூச்சு ஒழுங்கு தவறுவதையும் அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் விரித்துரைத்தார்.

இனி மூளைத்தண்டுக் கசிவுக்கு வருவோம். தண்டின் முன்புறத்தில் பேசிலார் என்னும் தமனி மேல்நோக்கிச் செல்கிறது. அதிலிருந்து மயிரிழை போன்ற நுண்ணிய கிளைகள் தண்டுக்குள் நுழைந்து அதற்கு உணவளிக்கின்றன. மேலிருந்து வரும் அழுத்தம் தண்டைக் கீழே தள்ளுகிறது. தமனியோ மேலே மற்ற நாளங்களோடு பிணைந்திருப்பதால் அதனோடு சேர்ந்து இறங்க முடிவதில்லை. நாற்றங்காலில் நாற்றைப் பிடுங்கும்போது வேரிழைகள் அறுபடுவதை நாம் பார்த்திருக்கிறோம். அதுபோலவே அந்த நுண்கிளைகள் இழுபட்டுக் கிழிகின்றன. தண்டின் நடுப்பகுதியில் இரத்தம் கசிகிறது. சிரைகள் நெருக்கப்படுவதும் இதில் பங்கு கொள்கிறது என்று கருதுவோரும் உளர்.

பிரெஞ்சு மருத்துவர் ஆன்றி டியூரே (1849–1921) என்பவரின் பெயரால் இக்கசிவு 'டியூரே கசிவு' என்று வழங்குகிறது. இளம் வயதிலேயே, 1874-ல், மூளைத்தண்டின் நுண்தமனிகளை ஆராய்ந்து விவரித்தவர் அவர். 1878-ல் வெளியிட்ட ஆய்வில், மண்டைக்குள் அழுத்தம் திடீரென உயரும்போது மூளைத்தண்டில் இரத்தம் கசிவதைச் சோதனை வாயிலாக எடுத்துக் காட்டினார்.

அவர் காலத்தில் இதனைப் பிரேத பரிசோதனையில்தான் காண முடிந்தது. லண்டனில் 1971 அக்டோபர் 1 அன்று முதன்முதலாக ஒரு நோயாளியின் தலை சி.டி. ஸ்கேன் கருவியில் படம் எடுக்கப்பட்டது. அக்கருவியை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், அதற்கான கணித அடிப்படையை வகுத்த ஆலன் கார்மக்குக்கும் 1979-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று உயிருள்ள மனிதரின் மூளைத்தண்டில் உள்ள கசிவைச் சில நிமிடங்களில் கண்டுகொள்ள முடிகிறது. கண்டுகொள்ள முடிகிறதே தவிர, அக்கசிவை அறுத்து எடுத்துத் தண்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது. அரிதாகச் சிலர் பிழைத்துத் தேறியதாக மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உண்டு. ஆகவே படம் ஒன்றை மட்டும் பார்த்து மருத்துவர்கள் கைவிடுவதில்லை. ஆனால் பெரும்பாலோருக்கு அது முடிவின் அடையாளமாகவே அமைகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட வேண்டும். நெடுநாள் இரத்தக் கொதிப்பைக் கவனியாமல் விட்டவர்களுக்கு மூளைத்தண்டிலேயே நேராக ஓர் இரத்தக் குழாய் வெடிப்பதுண்டு. அது வேறு. டியூரே கசிவு, வேறிடத்தில் தோன்றிய அழுத்தத்தின் விளைவு. அவ்வழுத்தம் விபத்தால் வரலாம். மூளைக் கட்டியால் வரலாம். இரத்தக் கொதிப்பால் பெருமூளைக்குள் ஏற்படும் பெருங்கசிவாலும் வரலாம். கொதிப்பு மாத்திரையைத் "தலைவலி இல்லையே" என்று தாமாகவே நிறுத்திவிடும் நம் வீட்டுப் பெரியவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

மருத்துவர் என்னிடம் சொன்னவற்றில் ஒன்று நெஞ்சைவிட்டு அகலவில்லை. எலும்புக்கு உட்புறம் உறையும் இந்த வகை இரத்தத்தை, நோயாளி நினைவோடு இருக்கும்போதே கொண்டுவந்து அகற்றிவிட்டால் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள் என்றார். அன்றிரவு பதினொன்றரை மணிக்கு அவர் நினைவோடுதான் இருந்தார்.

ஆகவே, இதை வாசிக்கும் தாய்மார்களும் தந்தைமார்களும் கீழ்க்காண்பனவற்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தலையில் பலமாக அடிபட்டு ஒரு கணமேனும் நினைவு தப்பியவரை, அவர் எழுந்து நடந்தாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தலைவலி ஏறிக்கொண்டே போதல், வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், பேச்சுக் குழறல், ஒரு கை அல்லது கால் தளர்தல், வலிப்பு, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் அல்லது இரத்தம் வருதல், ஒரு கண்பாவை மட்டும் பெரிதாதல் ஆகிய இவற்றில் எது தோன்றினாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. ஸ்கேன் வசதியும் நரம்பியல் அறுவை வசதியும் உள்ள மருத்துவமனை எது என்பதை முன்னரே அறிந்துவைத்திருப்பது நல்லது. பரிசோதித்த மருத்துவரே வீட்டுக்கு அனுப்பினாலும், முதல் 24 மணி நேரம் அவரைத் தனியே விடாதீர்கள். உறங்கினால் அவ்வப்போது எழுப்பிப் பேச வையுங்கள்; பெயரையும் இடத்தையும் கேளுங்கள். எழுப்ப முடியாத உறக்கம் உறக்கமன்று. பெருங்குறட்டை அயர்ந்த தூக்கத்தின் அடையாளமும் அன்று.

நினைவற்றுக் கிடப்பவரின் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். அது மூச்சுக் குழலுக்குள் போய்விடும். கழுத்திலும் அடிபட்டிருக்கக்கூடும், ஆகையால் தூக்கி உட்கார வைத்து உலுக்காதீர்கள். தலையும் கழுத்தும் ஒரே நேர்கோட்டில் அசையாதிருக்கப் பலர் சேர்ந்து தாங்கி, ஒருக்களித்துக் கிடத்துங்கள். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்ணும் முதியவர்கள் குளியலறையில் வழுக்கி விழுந்தால், காயம் வெளியே தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். முதியவர்களுக்கு மூளையுறையின் கீழ் இரத்தம் மெதுவாகச் சேர்ந்து, சில வாரங்கள் கழித்துக்கூடத் தடுமாற்றமும் மறதியும் தலைகாட்டலாம். முதுமை என்று அதை ஒதுக்கிவிடக் கூடாது.

காவல் நிலையம், வழக்கு என்ற அச்சம் வேண்டாம். விபத்தில் சிக்கியவரைக் கொண்டுவந்து சேர்ப்பவரைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்னும் நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016-ல் உறுதி செய்தது. 2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்திலும் அப்பாதுகாப்பு இடம் பெற்றது. சாலை விபத்துக்குள்ளானவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது.

இனித் தலைக்கவசம் பற்றி ஒரு வரலாறு. முதல் உலகப் போரின்போது உதுமானியப் பேரரசுக்கு எதிரான அரபியர் கிளர்ச்சியில் ஈடுபட்ட ஆங்கிலேயர் லாரன்ஸைப் பற்றி நம்மில் பலர் படித்திருப்போம். 1935 மே 13 அன்று இங்கிலாந்தில் அவர் மோட்டார் சைக்கிளில் சென்றபோது, சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள் மீது மோதாதிருக்க வண்டியைத் திருப்பித் தூக்கியெறியப்பட்டார். தலைக்கவசம் இல்லை. நினைவு திரும்பாமலே மே 19 அன்று 46 வயதில் இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளிக்க அழைக்கப்பட்ட மருத்துவர்களுள் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் நரம்பியல் அறுவை மருத்துவரும் ஒருவர். தவிர்த்திருக்கக்கூடிய இத்தகைய மரணங்கள் அவருடைய சிந்தனையை ஆட்கொண்டன. 1941-ல் அவர் மோட்டார் சைக்கிள் விபத்துகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டுத் தலைக்கவசத்தின் அவசியத்தை வலியுறுத்தினார். அவ்வாண்டே பிரிட்டிஷ் இராணுவத்தில் பணியிலுள்ள மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு அது கட்டாயமாயிற்று. பொதுமக்களுக்கு அந்நாட்டில் 1973-ல்தான் சட்டம் வந்தது.

நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமே தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 2019 திருத்தத்தின்படி நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும், பின்னால் அமர்ந்து செல்பவர் உட்பட, அதை அணிய வேண்டும். ஆனால் நம் வீடுகளில் அது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. "பக்கத்துத் தெருதானே", "தொப்பி கசங்கிவிடும்" என்று காரணங்கள் சொல்கிறோம். தொப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம் அல்லவா? உயிர் அமானிதம் என்று மேடையில் முழங்கும் நானும் அந்நாள் வரை தலைக்கவசமின்றித்தான் மதரஸாவுக்குப் போய்வந்தேன்.

இன்னுமொரு செய்தி. மூன்றாம் நாள் அவருடைய அண்ணன், "மூளைத்தண்டு செயலற்றுப் போயிருந்தால் செயற்கைச் சுவாசக் கருவியை எடுக்க மார்க்கத்தில் இடம் உண்டா ஹஜ்ரத்?" என்று கேட்டார். இந்தியச் சட்டம் 1994 முதல் மூளைத்தண்டு மரணத்தை அங்கீகரிக்கிறது. 1986-ல் அம்மான் நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, மூளையின் செயல்கள் யாவும் மீளவியலாதபடி நின்றுவிட்டதாக நிபுணர்கள் உறுதி செய்தால் அதை மரணமாகக் கொள்ளலாம் என்றும், கருவியை அகற்றலாம் என்றும் முடிவு செய்தது. அதற்கடுத்த ஆண்டு மக்காவில் கூடிய ராபித்தாவின் ஃபிக்ஹ் சபை, கருவியை அகற்றுவதை அனுமதித்தது. ஆயினும் மூச்சும் இதயமும் நின்ற பின்னரே மரணம் என்று தீர்ப்பளிக்க வேண்டும் என்றது. இவற்றை அவரிடம் எடுத்துச் சொல்லி, பெரிய ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்வோம் என்றேன். அம்முடிவுக்கு வருமுன்னரே இதயம் தானாக நின்றுவிட்டது. அத்தகைய நேரத்தில் ஒரு குடும்பம் திகைத்து நிற்காதிருக்க, இவற்றை முன்கூட்டியே அறிந்திருப்பது நன்று.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் அஞ்சலில் சேர்க்கக் கை வரவில்லை. இவ்விதழ் அந்தத் தாயாரின் வீட்டுக்கும் மாதந்தோறும் செல்கிறது. "அன்று இரவு நீங்களாவது பக்கத்தில் இருந்தீர்களே ஹஜ்ரத்" என்று எனக்கு அவர் பலமுறை நன்றி சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் நான் தலை குனிந்து நின்றேனே தவிர, உண்மையைச் சொன்னதில்லை. சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அங்கே சென்று, கட்டுரையை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பேரனைக் கூப்பிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

பிறகு சொன்னார்: "எனக்கும் தெரியாதே ஹஜ்ரத். நான்தானே விளக்கை அணைச்சேன். இதப் போடுங்க. நாலு பேரு படிக்கட்டும்."

அவருடைய சொற்படியே அனுப்பிவைக்கிறேன். வாசகர்களே! உங்கள் வீட்டில் ஒருவர் தலையில் அடிபட்டு வந்து, தூக்கம் வருகிறது என்று சொன்னால், உறங்கட்டும் என்று சொல்லாதீர்கள். விளக்கை ஏற்றுங்கள், வண்டியை வரவழையுங்கள். மருத்துவரிடம் காட்டி, கவலைக்கு இடமில்லை என்று தெரிந்து திரும்பினால் ஒரு இரவுத் தூக்கம் மட்டுமே நட்டம். அது பொருட்டாகாது.

வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் காப்பானாக. இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.